ஆயிரத்து நானூறு டிகிரி மூட்டையும் ஐந்நூறு டிகிரி அடுப்பும்

பாரிமுனைப் பக்கம் ஃபயர் பிரிக், அதாவது சூடு தாங்கும் செங்கல், விற்கிற கடைக்குப் போனால் முதல் கேள்வியே, "எத்தனை டிகிரிக்கு வேணும்?" என்பதுதான். பாய்லருக்கும் உருக்கு உலைக்கும் சாமான் கொடுத்துப் பழகியவர்கள் வேறு எப்படிக் கேட்பார்கள்? வீட்டுப் பின்கட்டில் பீட்சா அடுப்பு கட்டப்போகிறேன் என்றதும் கடைக்காரர் ஒரு நொடி ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் 1400 டிகிரி தாங்கும் என்று அச்சடித்த, கல்லிடுக்கில் வைக்கிற கலவை மூட்டை ஒன்றை இழுத்து முன்னால் போட்டார். எனக்கும் சந்தோஷம். 1400 தாங்குவது 500 தாங்காதா என்ன?

தாங்கும். ஆனால் 500 டிகிரியில் அந்த மூட்டைக்குள் இருப்பது கலவையாகவே மாறாது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஓர் அடுப்பு செலவானது.

முதலில் சூட்டுக் கணக்கு. நேப்பிள்ஸ் பீட்சாவுக்கு அங்குள்ள பீட்சாக்காரர்கள் சங்கம் வைத்திருக்கும் அளவு, அடுப்பின் தரை 380 முதல் 430 டிகிரி, குவிமாடம் 485 டிகிரி. அந்தச் சூட்டில் ஒரு பீட்சா 60 முதல் 90 நொடிக்குள் வெந்துவிடும். வீட்டில் நாம் சவுக்குக் கட்டையை என்னதான் அடுக்கி எரித்தாலும் கல்லின் உள்முகம் ஐந்நூறை ஒட்டித்தான் நிற்கும். கல்லின் வெளிமுகத்தில் அதில் பாதிகூட இருக்காது. தொழிற்சாலை உலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது வெதுவெதுப்பு.

ஆனால் தொழிற்சாலை உலை ஒருமுறை பற்றவைத்தால் மாதக்கணக்கில் அணையாது. நம் அடுப்பு ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்நூறு, இரண்டு மூன்று நாளில் முப்பது. நடுவில் ஒரு மழை, கடற்காற்று, அடுத்த வாரம் மறுபடி ஐந்நூறு. கலவை இங்கே சமாளிக்க வேண்டியது உச்சச் சூட்டை மட்டும் அல்ல, இந்த ஏற்ற இறக்கத்தையும் ஈரத்தையும்தான். திருவொற்றியூர், எண்ணூர், ராயபுரம் மாதிரி கடலை ஒட்டிய ஊர்களில் ஈரத்தின் பங்குதான் அதிகம் என்று சொல்வேன்.

கடையில் கிடைக்கும் ஃபயர் கிளே (சூடு தாங்கும் களிமண்) கலவைகள் பொதுவாக இரண்டு ரகம். ஒன்று சூட்டில் இறுகுவது. ஃபயர் கிளேயும் சுட்டுப் பொடித்த மண்ணும் சேர்ந்த தூள் அது. தண்ணீர் விட்டுக் குழைத்தால் வெண்ணெய் மாதிரி கரணையில் வழியும், கல்லில் அழகாக உட்காரும், காய்ந்ததும் பிடித்துவிட்டது போலத் தோன்றும். உண்மையான பிடிப்பு வருவது ஆயிரம் டிகிரியைத் தொட்டு, பானை சூளையில் வேகிற மாதிரி அந்த மண் வெந்த பிறகுதான். நம் அடுப்பு அந்த இடத்துக்குப் போகவே போகாது. எத்தனை வருடம் எரித்தாலும் கல்லிடுக்கில் இருப்பது அரைவேக்காட்டு மண்தான். பச்சைப் பானையில் தண்ணீர் ஊற்றி வைத்த கதை.

இன்னொன்று காற்றில் இறுகுவது. இதில் சோடியம் சிலிகேட் கலந்திருக்கும். உலர உலரப் பிடித்துக்கொள்ளும், ஐந்நூறு டிகிரிக்குத் தாராளமாகப் போதும். இதன் பலவீனம் தண்ணீர். நன்றாகச் சூடேறி இறுகும்வரை இந்தப் பிடிப்பு ஈரத்தில் இளகக்கூடியது. மூட்டையில் இரண்டில் எது என்று எழுதியிருக்கும், ஆனால் பொடி எழுத்தில். டிகிரி மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும்.

நான் வாங்கி வந்தது முதல் ரகம். மேஸ்திரி முப்பது வருட அனுபவக்காரர், குவிமாடத்தை நூல் பிடித்து வட்டமாக ஏற்றியதை இன்றும் குறை சொல்ல முடியாது. வேலை முடிந்த சாயங்காலம், வழக்கப்படி சித்தாளிடம், "நல்லா தண்ணி அடிச்சு வுடும்மா, நாளைக்குக் காலையிலயும் அடிக்கணும்" என்றார். சிமெண்ட் வேலை பார்த்த கைக்குத் தண்ணீர் அடிக்காமல் வீட்டுக்குப் போக மனசு வராது. சிமெண்ட்டுக்கு அது மருந்து. களிமண்ணுக்கு? மறுநாள் காலை போய்ப் பார்த்தால் அடுப்பின் அடியிலிருந்து சாக்கடை வரை பழுப்பு நிறத்தில் ஒரு கோடு, டிகாக்‌ஷன் சிந்திய மாதிரி. கல்லிடுக்குகளில் விரலை விட்டால் முதல் மூட்டு வரை போனது. குவிமாடம் மட்டும் அசையாமல் நின்றது.

அது ஏன் விழவில்லை என்பதில்தான் பாடம் இருக்கிறது. அடுப்பை நிறுத்துவது கலவை அல்ல, வடிவம். வளைவில் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை அழுத்தி நிற்கிறது. கலவையின் வேலை கற்கள் சரியாக உட்கார மெத்தை கொடுப்பதும் இடைவெளியை அடைப்பதும்தான். பசை மாதிரி ஒட்டவைக்கிற வேலையை அதனிடம் எதிர்பார்த்தால் எந்த மூட்டையும் ஏமாற்றும். புளியந்தோப்பில் பிரியாணி மாஸ்டர்கள் தெருவோரம் அண்டா ஏற்றுவதைப் பாருங்கள். செங்கல்லை வெறுமனே அடுக்கி அடுப்பாக்கி, வேலை முடிந்ததும் கலைத்துவிடுவார்கள். கலவையே இல்லாததால் விரிசல் விடவும் எதுவும் இல்லை.

பீட்சா அடுப்பின் தரைக்கும் இதேதான். தரைக் கற்களுக்கு நடுவே கலவை போடக் கூடாது. சலித்த மணலும் ஃபயர் கிளேயும் கலந்த தூளை மெல்லியதாகப் பரப்பி, மட்டம் பார்த்து, கல்லோடு கல் ஒட்டி வைத்தால் போதும். நாளைக்கு ஒரு கல் உடைந்தாலும் அதை மட்டும் கிளப்பி மாற்றலாம். ஆக, கலவையைப் பற்றிய கவலை குவிமாடத்துக்கும் வாசல் வளைவுக்கும்தான்.

இரண்டாவது முறை மேஸ்திரி சிமெண்ட்டுக்கே வந்துவிட்டார். "சிமெண்ட்டு கலக்காம எது சார் நிக்கும்? ஒண்ணுக்கு நாலு போட்டு ஏத்திடுறேன், கல்லு மாதிரி இருக்கும்." சரி, ஏன் கூடாது?

சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது இரண்டு முக்கியமான பொருள்கள் உண்டாகின்றன. ஒன்று வலுவைத் தரும் கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட். இது நூறு டிகிரியைத் தாண்டியதுமே தன்னுள் பிடித்துவைத்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்து சுருங்கும். இன்னொன்று கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு. இது 400 முதல் 500 டிகிரிக்குள் நீரை விட்டுவிட்டுச் சுட்ட சுண்ணாம்பாகிவிடும். அடுப்பு ஆறிய பிறகு காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து மறுபடி நீறும். சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றினால் பொருமி உப்பி உடைவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கூத்து கல்லிடுக்கில் சின்ன அளவில் நடக்கும். அடுப்பு எரியும்போது ஒன்றும் தெரியாது. ஆறிய இரண்டு மூன்று நாளில் பொடி உதிரும். "அன்னிக்கு நல்லாத்தானே இருந்துச்சு" என்று எல்லோரும் சொல்வது இதனால்தான். பீட்சா அடுப்பின் வேலைச் சூடு சரியாக இந்த 400–500 வரம்பில் விழுவது நம் கெட்ட நேரம்.

இதோடு விரிவு வேறு. ஃபயர் பிரிக் ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஏறத்தாழ 0.0055 மில்லிமீட்டர் நீளும். ஐந்நூறு டிகிரி ஏறினால் இரண்டே முக்கால் மில்லிமீட்டர். இழுத்தால் கொடுக்காத கெட்டிச் சிமெண்ட் அந்த நகர்வைத் தாங்காமல் கல்லையும் சேர்த்துப் பிளக்கும். கலவை கல்லைவிட மெத்தென்று இருக்க வேண்டும், வெடித்தால் இடுக்கில்தான் வெடிக்க வேண்டும், கல்லில் அல்ல. வாரத்துக்கு ஒருமுறை எரியும் அடுப்பில் மயிரிழை விரிசல் எப்படியும் வரும்.

அதற்காகச் சிமெண்ட்டைத் தள்ளியே வைக்க வேண்டும் என்றில்லை. வீட்டில் அடுப்பு கட்டுகிறவர்களிடையே உலகம் முழுக்கப் புழங்குகிற ஒரு கைக்கலவை உண்டு. அளவுப் பாண்டு கணக்கில் சலித்த மணல் 3, சிமெண்ட் 1, நீற்றிய சுண்ணாம்புத் தூள் 1, ஃபயர் கிளே தூள் 1. இதில் சிமெண்ட் முதல் சில வாரங்களுக்கு மட்டுமான ஆள். குவிமாடம் ஏறும்போது கல் வழுக்காமல் பிடித்து நிறுத்திவிட்டு, அடுப்பு எரிய எரிய அது தளர்ந்துவிடும். அதற்குள் சுண்ணாம்பும் களிமண்ணும் பொறுப்பெடுத்துக்கொள்ளும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெல்ல மெல்லச் சுண்ணாம்புக் கல்லாகவே திரும்புகிறது. அப்படித் திரும்பியது எழுநூறு டிகிரி வரை எளிதில் சிதையாது, நம் அடுப்புக்கு அது எட்டாத உயரம். கடையில் கேட்காமலே கிடைக்கும் சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமெண்ட் இதற்கு நல்லதுதான். அதிலுள்ள சாம்பல் அந்தத் தொல்லை பிடித்த ஹைட்ராக்சைடில் ஒரு பங்கை ஆரம்பத்திலேயே தின்றுவிடுகிறது.

என்னைக் கேட்டால் மணலில் பாதியைக் குறைத்துவிட்டு, உடைந்த ஃபயர் பிரிக்கை இடித்துச் சலித்த தூளைப் போடுவேன். சுட்ட மண் தூள் என்றால் நமக்குச் சுர்க்கிதான். வண்ணாரப்பேட்டையிலும் ராயபுரத்திலும் பழைய வீடுகளின் மெட்ராஸ் டெரஸ் கூரை, குத்துக்கல்லாக அடுக்கிய செங்கலும் சுண்ணாம்பும் சுர்க்கியுமாக நின்றது. பழவேற்காட்டுப் பக்கம் கிளிஞ்சல் சுட்டு எடுத்த சுண்ணாம்புக்கு இந்த ஊரில் ஒரு பேர் உண்டு. கிளிஞ்சல் சுண்ணாம்பு மிகவும் சுத்தம், ஆனால் தனியாக விட்டால் தடித்த இடுக்குக்குள் காற்றுப் போகாமல் மாதக்கணக்கில் இறுகாது. சுர்க்கி சேர்ந்தால் இரண்டும் ஒன்றோடொன்று வினைபுரிந்து காற்றில்லாமலே இறுகும். அந்தக் காலத்துக் கொத்தனார்கள் இதை ரசாயனம் படித்துச் செய்யவில்லை.

பழைய முறை என்றதும் சிலர் கடுக்காயும் வெல்லமும் ஊறவைக்கக் கிளம்புவார்கள். ராசப்ப செட்டி தெருவுக்குப் போனால் கடுக்காய் மூட்டையாகவே கிடைக்கும். சுவர்ப் பூச்சுக்கு அது சரி, அடுப்புக்கு வேண்டாம். நாம் அடுப்பெரிக்கும் சூட்டில் அதெல்லாம் கரிந்துபோகும். அதைவிட முக்கியமாக, கலவையில் சிமெண்ட் இருந்தால் சிறிதளவு சர்க்கரையே அதை இறுகவிடாமல் தடுத்துவிடும். வெல்லத் தண்ணீரில் குழைத்த சிமெண்ட் மறுநாளும் சேறாகத்தான் இருக்கும்.

கையில் காசு இருந்தால் மூன்றாவது வழி ஹை அலுமினா சிமெண்ட். ஃபிரான்சில் ஜூல் பியே 1908இல் காப்புரிமை பெற்ற சரக்கு இது. சல்ஃபேட் உப்பு நிறைந்த நிலத்தடி நீரில் சாதாரண சிமெண்ட் அரித்துப்போவதைத் தவிர்க்கத்தான் அவர் இதைத் தேடிப்போனார், நெருப்பைத் தாங்கும் குணத்துக்குப் பிற்பாடுதான் மவுசு வந்தது. இது இறுகும்போது அந்த கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாவதே இல்லை. 24 மணி நேரத்தில் முழு வலுவுக்கு நெருங்கிவிடும், மழையில் கரையாது.

இதற்கும் ஒரு பழைய கெட்ட பெயர் உண்டு. 1974இல் லண்டனின் ஸ்டெப்னி பகுதியில் ஒரு பள்ளியின் நீச்சல்குளக் கூரை சரிந்தது, உத்தரங்களில் இருந்தது இந்தச் சிமெண்ட். வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் இதன் படிகங்கள் வேறு வடிவத்துக்கு மாறி, நடுவே துளைகள் விழுந்து, வலு குறையும். சென்னையின் தட்பவெப்பம் அந்த மாற்றத்துக்குத் தோதான இடம். ஆனாலும் அடுப்பு விஷயத்தில் எனக்கு இது பெரிதாகப் படவில்லை. உத்தரம் வளைந்து பாரம் தாங்க வேண்டும், குவிமாடத்தில் கலவை நசுங்காமல் இருந்தால் போதும். மிச்சமிருக்கும் வலு அதற்குப் போதும்.

வாங்கினால் இரண்டு விஷயத்தில் கவனம். மூட்டையில் தயாரித்த தேதியைப் பாருங்கள், எண்ணூர்க் காற்றில் பிரித்த மூட்டை சீக்கிரம் கட்டி தட்டும். அடுத்து, சாதாரண சிமெண்ட்டோ சுண்ணாம்போ இதோடு சேரவே கூடாது. பாண்டிலோ கரணையிலோ பழைய சிமெண்ட் ஒட்டியிருந்தால்கூட வம்பு. கலந்த சில நிமிஷத்தில் பாண்டோடு கல்லாகிவிடும். "கொஞ்சம் சுண்ணாம்பு போட்டா நல்லா இழுக்கும் சார்" என்று மேஸ்திரி கையை நீட்டும்போது பிடித்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறுவதற்கு முன், ஏழெட்டுக் கல்லுக்கு மட்டும் ஆகிற அளவு கலந்து, தீர்த்துவிட்டு அடுத்ததைக் கலக்க வேண்டும்.

தண்ணீரும் மணலும் இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தனி விவகாரம். மீஞ்சூர் தொடங்கிக் கடலோரமாக நிலத்தடியில் உப்புநீர் ஏறிய கதை எல்லோருக்கும் தெரியும். போர் தண்ணீரில் கலவை குழைத்தால் அடுப்பு காய்ந்ததும் இடுக்கெல்லாம் வெள்ளையாக உப்புப் பூக்கும், உப்பு ஈரத்தை இழுக்கும், படிகமாகும்போது கலவையை உள்ளிருந்தே தள்ளும். இரண்டு குடம் மெட்ரோ தண்ணீர் போதும், கஞ்சத்தனம் வேண்டாம். கடற்கரை மணலையும் முகத்துவாரத்து மணலையும் தொடவே தொடாதீர்கள். எம்-சாண்ட் போதும், ஆனால் ஒரு மில்லிமீட்டர் சல்லடையில் சலிக்க வேண்டும். கரடுமுரடாக இருந்தால் இடுக்கை மெல்லியதாக வைக்க முடியாது. உள்முகத்தில் இடுக்கு நான்கைந்து மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, வளைவால் வெளிப்பக்கம் விரியும் ஆப்பு வடிவ இடைவெளியில்தான் கலவை கொஞ்சம் தடிக்கலாம்.

கல்லைப் பற்றி ஒரு வரி. அதிகச் சூட்டுக்கான ஐஎஸ் 8 (இந்தியத் தர எண்) என்று கேட்டு அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை, மிதமான சூட்டுக்கான ஐஎஸ் 6 தாராளம். ஒரு கல் ஏறத்தாழ நான்கு கிலோ, ஒரு குவிமாடத்துக்கு நூற்றுச் சொச்சம். மொட்டைமாடியில் கட்ட நினைப்பவர்கள் இதைப் பெருக்கிப் பார்த்துவிட்டு, பிறகு வாசியுங்கள். ஆள் ஏறும் மொட்டைமாடிக்கு இந்திய நியதி வைத்திருக்கும் சுமை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். சுவருக்கோ தூணுக்கோ நேர் மேலே இல்லாமல் நடு ஸ்லாபில் ஏற்றினால் கலவை நல்லதா கெட்டதா என்ற கேள்வியே எழாது. பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று ஆஸ்பெஸ்டாஸ் கயிற்றையும் தகட்டையும் வாங்கிவராதீர்கள். குவிமாடத்துக்கு மேல் சூட்டைப் பிடித்துவைக்கும் செராமிக் ஃபைபர் போர்வையை, முகமூடி போட்டுக்கொண்டு சுற்றுங்கள். அதற்கும் வெளியே சாதாரணச் சிமெண்ட் பூச்சு போதும், அங்கே சூடு போவதில்லை.

எங்கள் தெருவில் பாய்லர் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். என் இரண்டாவது அடுப்பு, கைக்கலவையில் எழுந்தது, ஒரு வாரம் ஈரச்சாக்குப் போர்த்திக் காத்திருந்த பிறகு பற்றவைக்கத் தயாரானபோது சுற்றிவந்து பார்த்தார். கல்லில் காதை வைக்காத குறைதான். "தம்பி, இதுக்குள்ள இன்னும் தண்ணி இருக்குப்பா. கல்யாண வீட்டு அடுப்பு மாதிரி எரிச்சே, பொங்கிடும்." தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் பருமன் கூடும். வெளியேற வழியில்லாவிட்டால் வெடித்துத்தான் வழி உண்டாக்கும். அவர் சொன்னபடி முதல் நாள் சுள்ளியும் தேங்காய் மட்டையும் மட்டும், நூறு டிகிரியைத் தாண்டவிடாமல் நாலைந்து மணி நேரம். மறுநாள் 150. இப்படி ஐம்பது ஐம்பதாக ஏற்றி ஒரு வாரம். முதல் நாள் வாசலில் தகடு ஒன்றைச் சாய்த்து வைத்திருந்தேன், அதன் உள்பக்கம் முழுக்க வியர்த்து நீர் சொட்டியது. நான்காம் நாள் அதே தகடு வறண்டு கிடந்தது. அன்றைக்குத்தான் சவுக்குக் கட்டை இறங்கியது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் மழை வந்தபோது அடுப்புக்கு மேல் தகரக் கூரை போட்டிருக்கவில்லை. தார்ப்பாயை முதல் காற்றே கொண்டுபோனது. இரண்டு நாள் அடுப்பு முழுக்க ஊறியது. தெருத் தண்ணீர் வடிந்த பிறகு பயந்துகொண்டே போய்த் திறந்து பார்த்தேன். உள்ளே ஈரம், வாசல் வளைவுக்கு மேல் ஒரு நீள விரிசல், மற்றபடி பழுப்புக் கோடு எதுவும் இல்லை. மறுபடி சுள்ளியிலிருந்து தொடங்கி ஒரு வாரம். விரிசல் அடுப்பு சூடானால் மூடிக்கொள்கிறது, ஆறினால் நகம் நுழைகிற அளவு திறக்கிறது. அடைக்கவில்லை, அடைத்தால் அது பக்கத்தில் வேறு இடம் தேடும். தகரக் கூரை மட்டும் பொங்கலுக்கு முன்பே போட்டாகிவிட்டது.